டிஃபரன்ஷியலைப் பிரிப்பதற்கு முன் சத்தத்தை விசாரியுங்கள்

அடியில் சத்தம் கேட்கிறது என்று ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுவருபவர்களில் பலர், டிஃபரன்ஷியல் (எஞ்சினின் சுழற்சியை இருபக்க வீல்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) போய்விட்டது என்று தாங்களே முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். அந்த முடிவை நம்பிப் பிரித்துப் பார்த்தால், அதனுள் இருக்கும் பல்சக்கரங்களான கிரவுன் வீலும் பினியனும் நன்றாகவே இருக்க, ஒழுங்கற்றுத் தேய்ந்த டயரோ ஒரு வீல் பேரிங்கோதான் அந்த இரைச்சலுக்குக் காரணமாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அனாவசியமாகப் பிரித்த டிஃபரன்ஷியலை மறுபடியும் சரியான பேக்லாஷ் (பற்களுக்கிடையே விடும் சிறு இடைவெளி) அளவில் பூட்டுவது எளிதல்ல. இல்லாத கோளாறு ஒன்று அங்கே புதிதாக உருவாகவும் கூடும்.

ஆகவே, சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்பதோடு, அது எதோடு சேர்ந்து மாறுகிறது என்றும் கவனிக்க வேண்டும். இரைச்சல் வரும் வேகத்திலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு ஒரு கியர் மாற்றிப் பாருங்கள். எஞ்சினின் சுழற்சி மாறியும் இரைச்சல் மாறவில்லை என்றால், கோளாறு எஞ்சினிலோ கிளட்சிலோ இல்லை, கியர்பாக்ஸுக்குப் பின்னால் சுழலும் பாகங்களில்தான் இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அடுத்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். மிதிக்கும்போது மட்டும் எழுந்து, காலை எடுத்ததும் அடங்கும் ஊளைச் சத்தம் கிரவுன் வீல், பினியன் பக்கம் சந்தேகத்தைத் திருப்பும். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இரைந்து, சாலையின் மேற்பரப்பு மாறினால் மட்டும் தொனி மாறுவது டயரின் சத்தம். நேர்ச்சாலையில் இரைந்துகொண்டிருந்து, வண்டி வலப்பக்கம் வளையும்போது கூடினால் எடை சாயும் இடப்பக்க வீல் பேரிங்கை முதலில் பார்க்க வேண்டும். இடப்பக்கம் வளையும்போது கூடினால் வலப்பக்கத்தை.

அதிர்வு இருக்குமானால் கொஞ்சம் கணக்கும் உதவும். 31 அங்குல டயர் பூட்டிய வண்டி மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது வீல் நொடிக்கு ஏறக்குறைய 9 முறை சுற்றுகிறது; டிஃபரன்ஷியல் விகிதம் 4.1 என்றால் (வீல் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.1 முறை), டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் நீண்ட தண்டான புரொபெல்லர் ஷாஃப்ட் 37 முறை சுற்றுகிறது. ஸ்டியரிங்கில் கைக்குத் தனித்தனியாகத் தெரியும் மெதுவான ஆட்டம் வீலிலிருந்தும், இருக்கையிலும் தரையிலும் ரீங்கரிக்கும் வேகமான அதிர்வு ஷாஃப்டிலிருந்தும் வருவதற்கு இதுவே காரணம். வண்டியின் உயரத்தைக் கூட்டியபின் இப்படி ரீங்காரம் தொடங்கினால், ஷாஃப்டின் முனைகளில் அது கோணத்தில் சாய்ந்தும் சுழல இடம் தரும் மூட்டுகளான யூ-ஜாயின்டுகளின் கோணம் மாறியதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கியர் போட்டு நகரும்போது 'டக்' என்று அடிப்பதும், மெதுவாகப் போகும்போது கிரீச் கிரீச்சென்று சுழற்சிக்கு ஏற்பக் கேட்பதும் யூ-ஜாயின்டின் அடையாளங்கள். வீல்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே படுத்து, ஜாயின்டின் இருபக்கமும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். பேரிங் கப்பின் விளிம்பைச் சுற்றிக் காவி நிறத்தில் நைசாகத் துருப்பொடி படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி ஊசி உருளைகள் தேய ஆரம்பித்துவிட்டன என்று பொருள். ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் ஸ்பிளைன் பகுதி வறண்டாலும் இதே 'டக்' சத்தம்தான் வரும் என்பதால், ஜாயின்டை மாற்றும்போது அதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

முன் ஆக்ஸிலின் சத்தத்தைப் பிரித்தறிய, கையால் பூட்டும் ஃப்ரீவீல் ஹப் (முன் வீலை அதை இயக்கும் தண்டோடு இணைக்கவும் விடுவிக்கவும் உதவும் பூட்டு) உள்ள வண்டிகளில் ஓர் எளிய வழி உண்டு. ஹப்பை விடுவித்து 2எச்சில், அதாவது பின் வீல்களை மட்டும் இயக்கும் நிலையில் ஓட்டினால் முன் ஷாஃப்டும் முன் டிஃபரன்ஷியலும் சுழல்வதில்லை. சத்தம் நின்றுவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைகிறது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும் 'டிக் டிக்' என்று கேட்டால் வெளிப்பக்க சிவி ஜாயின்ட்தான் (முன் வீல் திரும்பும்போதும் அதற்குச் சுழற்சியைக் கொடுக்கும் மூட்டு). அதன் ரப்பர் பூட் (உறை) கிழிந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள். கிழிசலின் வழியே மண்ணும் நீரும் உள்ளே போனால் ஜாயின்ட் வெகுநாள் தாங்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன், பின் ஷாஃப்டுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத பார்ட்-டைம் வண்டியை (தேவைப்படும்போது மட்டும் நான்கு வீலையும் இயக்குவது) காய்ந்த தார்ச்சாலையில் 4எச்சில், அதாவது நான்கு வீலும் இயங்கும் நிலையில் ஓட்டி வளைத்தால், முன் வீல்கள் பின் வீல்களைவிட அதிக தூரம் உருள வேண்டியிருப்பதால் ஷாஃப்டுகளில் முறுக்கம் ஏறும். டயர்கள் இழுபடும், படார் என்று ஒலிக்கவும் செய்யும். இது பாகத்தின் கோளாறு அல்ல, பிடிமானம் உள்ள தரையில் 4எச்சைப் போட்டதன் விளைவு. முன்னும் பின்னும் வெவ்வேறு சுற்றளவுள்ள டயர்களைப் பூட்டியிருந்தால் நேராகப் போகும்போதே இந்த முறுக்கம் வரும்.

எண்ணெய் மாற்றும்போது வடிகால் போல்ட்டின் காந்தத்தில் கரிய பசைபோல் படிவது வழக்கமான தேய்மானம். அதில் விரலுக்குத் தட்டுப்படும் இரும்புத் துணுக்குகள் இருந்தால் மட்டுமே டிஃபரன்ஷியலைப் பிரிப்பதற்கு உறுதியான காரணம் இருக்கிறது. ஆனால் யூ-ஜாயின்ட் கையில் ஆடுவது தெரிந்தபின் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தயவுசெய்து விடாதீர்கள். வேகத்தில் போகும்போது அது உடைந்து, ஷாஃப்டின் முன்முனை கழன்று சாலையில் ஊன்றினால், வண்டி கட்டுப்பாட்டை இழக்கும்; அப்படி ஆடும் வண்டியை ஓட்டி வராமல், ஏற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.