நடுப்பகல் பன்னிரண்டு பத்து

ஏப்ரல் பிறந்தால் இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் நாள்தோறும் ஒரு வரி இடம்பெறும்: இன்று நண்பகலில் சூரியன் இன்ன இன்ன ஊர்களுக்கு நேர் உச்சியில் நிற்கும். ஏப்ரல் 5 அளவில் தெற்குக் கரையில் தொடங்கும் அந்த ஊர்ப்பட்டியல் தினமும் கொஞ்சம் வடக்கே ஏறி, புதுவருடத்தை ஒட்டி யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரும். பருத்தித்துறையைத் தாண்டினால் பட்டியலில் போட ஊரில்லை, கடல்தான்.

யாழ்ப்பாணத்தின் முறை வரும் நாளில் முற்றத்தில் ஒரு கம்பை நட்டு, மேசன்மாரின் தூக்குக்குண்டால் அது செங்குத்தாக நிற்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, பதினொன்றரை மணியிலிருந்து நிழலைக் கவனித்துப் பாருங்கள். மேற்கே விழுந்திருக்கும் நிழல் சுருங்கிச் சுருங்கிக் கம்பின் அடிக்குள் புகுந்துவிடும். சற்றுக் கழித்துக் கிழக்குப் பக்கமாகத் தலைகாட்டும். நிழல் முற்றாக மறையும் கணத்தில் மணிக்கூடு காட்டுவது பன்னிரண்டு அல்ல; பன்னிரண்டு பத்து.

பத்து நிமிடத்துக்கு விடை எளிது. இலங்கையின் நேரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை வைத்துக் கணிக்கப்படுகிறது. அந்தக் கோடு இலங்கையைத் தொடுவதே இல்லை. கிழக்கே வங்கக் கடலுக்குள் போகிறது. யாழ்ப்பாணம் இருப்பது 80 பாகையில். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும். இரண்டரைப் பாகைக்குப் பத்து நிமிடம். ஆனால் அதே கம்பை பெப்ரவரி நடுப்பகுதியில் பார்த்தால் நிழல் மிகக் குறுகும் நேரம் 12.24. நவம்பர் தொடக்கத்தில் 11.54. இந்த ஆட்டத்துக்கு நெடுங்கோடு பொறுப்பில்லை. அதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் நிழல் விழும் திசை. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் உச்சிச் சூரியன் ஆண்டு முழுவதும் கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையே போய்வருகிறது. யாழ்ப்பாணம் 9.7 பாகை வடக்கில் இருப்பதால் போகும்போது ஒருமுறையும், திரும்பும்போது ஓகஸ்ட் 28 அளவில் ஒருமுறையும் எங்கள் தலைக்கு மேலே கடக்கிறது. இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். ஆனி மாதத்தில் வடக்குப் பார்த்த விறாந்தைக்குள் வெயில் எட்டிப் பார்ப்பது இதனால்தான். ஒரு மீற்றர் கம்பின் நண்பகல் நிழல் ஜூன் 21இல் தெற்கு நோக்கி 25 சென்ரிமீற்றர்; டிசெம்பர் 21இல் வடக்கு நோக்கி 65 சென்ரிமீற்றர். இலண்டனில் இருக்கும் உறவினர் தன் வாழ்நாள் முழுவதும் காத்திருந்தாலும் அங்கே நண்பகல் நிழல் தெற்கே விழப்போவதில்லை.

சூரியன் உச்சிக்கு வரும் நாளும் சித்திரைப் புத்தாண்டும் யாழ்ப்பாணத்தில் ஒன்றையொன்று ஒட்டி வருவது அழகான பொருத்தம். ஆனால் அது இந்தக் காலத்துக்கு மட்டும் வாய்த்த பொருத்தம். புத்தாண்டு, விண்மீன்களைப் பின்னணியாக வைத்துச் சூரியன் மேட ராசிக்குள் நுழையும் கணம். பருவமோ அச்சின் சாய்வைப் பொறுத்தது. அந்த அச்சு, வேகம் குறைந்த பம்பரத்தின் தலையைப் போல, சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை மெல்ல வட்டமிடுகிறது. இதன் விளைவாக விண்மீன் ஆண்டு பருவ ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீளம். எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் சேர்ந்துவிடும். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்னர் மேடப் பிறப்பும் பகலிரவு சமமாகும் நாளும் ஒன்றாக இருந்தன; தை முதல் நாளில் சூரியன் உண்மையாகவே வடக்கு நோக்கித் திரும்பியது. இன்று அந்தத் திருப்பம் டிசெம்பர் 21, 22இல், மார்கழி முதல் வாரத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. இன்னும் 700 ஆண்டுகளில் புத்தாண்டு ஏப்ரல் 24 அளவில் வரும். அதற்குப் பத்து நாள் முன்பே சூரியன் எங்கள் உச்சியைக் கடந்து போயிருக்கும். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் புத்தாண்டு பிறக்கும் மணிக்காக ஆண்டுதோறும் முரண்படுவதை நாங்கள் பெரிதாகப் பேசுகிறோம். அது சில மணி நேர வித்தியாசம். இரண்டு பஞ்சாங்கமும் சேர்ந்து பருவத்திலிருந்து விலகியிருப்பது மூன்றரைக் கிழமை.

இனி அந்த அரைமணி நேர ஆட்டம். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடமே எடுக்கிறது. அதற்குள் சூரியனைச் சுற்றும் பாதையில் ஏறத்தாழ ஒரு பாகை முன்னே போய்விடுவதால், சூரியனை மறுபடி உச்சியில் காண இன்னும் ஒரு பாகை திரும்ப வேண்டியிருக்கிறது. மீதி நான்கு நிமிடம் அதற்குத்தான். சிக்கல் அந்த ‘ஏறத்தாழ’வில் இருக்கிறது. பூமியின் பாதை வட்டமல்ல, நீள்வட்டம். ஜனவரியில் சூரியனுக்கு அருகே செக்கனுக்கு 30.3 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது, ஜூலையில் 29.3. வேகமாக ஓடும் நாளில் கூடுதலாகத் திரும்ப வேண்டும். சாய்வும் தன் பங்குக்குக் கணக்கைக் குழப்புகிறது. மார்ச், செப்டெம்பரில் சூரியனின் அன்றாட நகர்வில் ஒரு பகுதி வடக்கு தெற்காகச் செலவாகிறது; ஜூன், டிசெம்பரில் முழுவதும் கிழக்கு நோக்கியே போகிறது. டிசெம்பர் இறுதியில் இரண்டு காரணமும் ஒரே பக்கம் சேர்வதால், ஒரு நண்பகலிலிருந்து மறு நண்பகல் வரை 24 மணி 30 செக்கன். நாளுக்கு அரை நிமிடம் அற்பம்தான். ஆனால் அது சேர்ந்துகொண்டே போய், நவம்பர் தொடக்கத்தில் 11.54க்கு வந்த உச்சிப்பொழுதைப் பெப்ரவரி நடுப்பகுதியில் 12.24க்குத் தள்ளிவிடுகிறது.

இந்த ஆட்டம் உலகம் முழுவதற்கும் பொதுவானது. ஆனால் அதை வெறுங்கண்ணால் பிடிக்க யாழ்ப்பாணம் நல்ல இடம். இங்கே மிக நீண்ட பகல் 12 மணி 41 நிமிடம். மிகக் குறுகிய பகல் 11 மணி 34 நிமிடம். வித்தியாசம் ஒரு மணிக்குச் சற்றுக் கூட. ஒஸ்லோவில் மார்கழிப் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு, மூன்று மணி கடந்ததும் சூரியன் போய்விடும். அந்தப் பெரிய ஏற்ற இறக்கத்துக்குள் அரைமணி ஆட்டம் அமுங்கிவிடுகிறது. எங்களிடம் பெரியது சிறியது, ஆகவே சிறியது பெரிதாகத் தெரிகிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசெம்பர் 21 அளவில் வந்தாலும், சூரியன் மிக நேரத்தோடு மறைவது நவம்பர் நடுப்பகுதியில், மாலை 5.45 அளவில். டிசெம்பர் 21இல் மறைவது 5.55க்கு. காலையிலோ கதை தலைகீழ். டிசெம்பர் 21இல் 6.21க்கு உதிக்கும் சூரியன், பகல் நீளத் தொடங்கிய பிறகும் நாள்தோறும் பிந்திப் பிந்தி, ஜனவரி இறுதியில் 6.32 அளவில் உதிக்கிறது. இலண்டனில் இந்த இரு எல்லைகளும் டிசெம்பர் 12க்கும் புத்தாண்டுக்கும் இடையில் நெருங்கி வந்துவிடும். இங்கே அவற்றுக்கிடையே பத்துக் கிழமை. தை பிறந்த பிறகும் விடியற்காலை ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் கேட்டால், அவர்கள் சோம்பலுக்குச் சாட்டுச் சொல்லவில்லை.

இதில் அரசாங்கமும் ஒருமுறை கைவைத்தது. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரைமணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி அரைமணி 2006 ஏப்ரலில்தான் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் தை மாதச் சூரியன் ஏழு மணிக்குப் பிறகே உதித்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்தையே வைத்துக்கொண்டதால், சோதனைச் சாவடியைக் கடப்பவர் கைக்கடிகாரத்தையும் அரைமணி திருப்ப வேண்டியிருந்தது. சூரியனுக்கு எந்தப் பக்கமும் தெரியாது.

பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி முதல் வாரத்தில். ஜூலையைவிட 50 இலட்சம் கிலோமீற்றர் கிட்ட. யாழ்ப்பாணத்தில் போர்வை தேடும் காலமும் அதுவே. தூரம் மூன்று சதவீதம்தான் மாறுகிறது, கதிர் விழும் சாய்வு அதை விழுங்கிவிடுகிறது.

காற்றும் சூரியனின் பின்னால் போவதுதான். வைகாசி, ஆனியில் சூடேறிய வட இந்திய நிலப்பரப்பு தெற்கிலிருந்து காற்றை இழுக்கிறது. நிலநடுக்கோட்டைத் தாண்டி வரும் அந்தக் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்பக்கம் திருப்புவதால் அது தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் ஆகிறது. மழையைத் தெற்கிலும் மலைநாட்டிலும் கொட்டிவிட்டு எங்களுக்குப் புழுதியை மட்டும் கொண்டுவரும். ஐப்பசிக்குப் பிறகு எதிர்த் திசை. சுழற்சி வாடையையும் வலப்பக்கம் திருப்புகிறது. அதனால் வடகிழக்கிலிருந்து வருகிறது. எங்கள் நெல்லும் கிணறும் நம்பியிருப்பது அந்த ஒரு பருவ மழையை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்கள் ஏறுவதும் அந்தக் காற்றில்தான்.

நிலவின் கணக்கு இன்னும் முரட்டுத்தனமானது. ஒரு பூரணையிலிருந்து அடுத்த பூரணைக்கு 29.53 நாள். பன்னிரண்டு மாதத்துக்கு 354 நாள். சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைவு. நல்லூர்த் தேர் 2023இல் செப்டெம்பர் 13, 2024இல் செப்டெம்பர் 1, 2025இல் ஓகஸ்ட் 21 என்று முன்னே நகர்ந்ததைப் பார்த்தாலே இந்தப் பதினொரு நாள் தெரியும். ஆனால் 2022இல் அது ஓகஸ்ட் 25. அடுத்த ஆண்டு பத்தொன்பது நாள் பின்னுக்குப் பாய்ந்தது, இடையில் பதின்மூன்று நிலவு வந்துவிட்டதால். இந்தச் சீரற்ற நிலவை அலுவலகக் கலண்டரிலேயே ஏற்றிப் பார்த்த நாடு இது. 1966 முதல் 1971 வரை இலங்கையில் சனி, ஞாயிறு விடுமுறை கிடையாது. நிலவின் நான்கு நிலைகளுக்கும் உரிய போயா நாட்களும் அவற்றுக்கு முந்திய நாட்களுமே வார இறுதி. நிலவும் நீள்வட்டத்தில் ஓடுகிறது. 3.63 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் விரைந்தும் 4.05 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் தயங்கியும் போவதால் கால் நிலவுக் காலம் ஆறரை நாளிலிருந்து எட்டு நாளுக்கும் மேல் வரை மாறும். வாரத்துக்கு ஏழு நாள் என்ற நம்பிக்கையே ஆட்டம் கண்டது. வெளிநாட்டோடு வணிகம் செய்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்லவேண்டியதில்லை.

நிலவின் இழுப்பை நேரடியாகப் பார்க்கப் பண்ணைப் பாலம் போதும். பாலத்தின் கீழே தண்ணீர் ஒரு திசையில் ஓடும், பின் தயங்கி நிற்கும், ஆறு மணி நேரம் கழித்து எதிர்த் திசையில் ஓடும். பெருக்கிலிருந்து அடுத்த பெருக்குக்கு 12 மணி 25 நிமிடம். நிலவும் நாளுக்கு 50 நிமிடம் பிந்தி உதிப்பதால் பெருக்கும் மறுநாள் அவ்வளவு பிந்தும். சூரியன் பூமியை இழுக்கும் விசை நிலவினுடையதைவிடச் சுமார் 180 மடங்கு. அப்படியிருந்தும் கடலேற்றத்தில் நிலவின் பங்கே இரண்டு மடங்குக்கு மேல். காரணம், கடலைத் தூக்குவது இழுப்பின் அளவல்ல, பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் உள்ள இழுப்பின் வித்தியாசம். கிட்டிய பக்கத்துத் தண்ணீர் பூமியின் மையத்தைவிடக் கூடுதலாக இழுபடுகிறது. எட்டிய பக்கத்துத் தண்ணீர் குறைவாக இழுபட்டுப் பின்தங்குகிறது. இரண்டு பக்கமும் புடைப்பு, ஆகவே நாளுக்கு இரண்டு பெருக்கு. சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் பூமியின் குறுக்களவு அதற்கு ஒரு பொருட்டல்ல. நிலவுக்கு அது பொருட்டு.

அமாவாசையிலும் பறுவத்திலும் இரண்டு இழுப்பும் ஒரே கோட்டில் சேரும்போது பெருக்கும் வற்றும் கூடும். அட்டமிக் காலத்தில் தளரும். இதே இந்து சமுத்திரத்தின் காம்பே வளைகுடாவில் பத்து மீற்றரளவு ஏறி இறங்கும் கடல், யாழ்ப்பாணத்தில் ஒரு மீற்றரைத் தொடாது. ஆனால் எங்கள் களப்பு ஆழமற்றது. அரை மீற்றர் வற்றினாலே பரந்த சேற்றுநிலம் வெளியே வந்துவிடும். சிறகுவலைக்காரர் கம்பு ஊன்றும் இடத்தை முடிவுசெய்வது இந்த அரை மீற்றர்தான். கரையோரத்தில் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளால் கடலோடு தொடர்புள்ள கிணறுகளிலும் நீர்மட்டம் சற்று ஏறி இறங்கும். 2004 டிசெம்பர் 26 ஒரு பூரணை நாள் என்பதற்காக நிலவைக் குற்றம் சொல்லக்கூடாது. சுனாமியைக் கிளப்பியது சுமாத்திராவுக்கு அருகே கடலடித் தரை முறிந்தது.

நிலவின் பாதை பூமியின் பாதைக்கு ஐந்து பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான அமாவாசைகளில் அதன் நிழல் பூமிக்கு மேலாகவோ கீழாகவோ தவறிவிடுகிறது. தவறாத இரண்டு நிழல்கள் பத்தாண்டுக்குள் யாழ்ப்பாணத்தின் மீது விழுந்தன. முதலாவது 2010 ஜனவரி 15, போர் முடிந்து எட்டு மாதம், பொங்கலுக்கு மறுநாள். பிற்பகல் ஒன்றரை மணியளவில் சூரியன் நெருப்பு வளையமாக மாறிப் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றது. அவ்வளவு நேரம் நின்றதற்கு இரண்டு நீள்வட்டங்கள் காரணம். பூமி சூரியனுக்கு மிக அருகே வந்து பன்னிரண்டு நாளே ஆகியிருந்ததால் சூரியன் பெரிதாகத் தெரிந்தது; நிலவு தன் அதிதூரப் புள்ளிக்கு இரண்டு நாள் தொலைவில் இருந்ததால் சிறிதாகத் தெரிந்தது. சூரியனின் விட்டத்தில் 92 சதவீதத்தைத்தான் அதனால் மறைக்க முடிந்தது. 2019 டிசெம்பர் 26 காலை ஒன்பதரை மணியளவில் மறுபடி வளையம் வந்தபோது நிலவு அவ்வளவு தூரத்தில் இல்லை. 97 சதவீதத்தை மறைத்தது; வளையம் மூன்று நிமிடத்தில் கலைந்தது.

பண்ணையில் பார்த்த அதே கடலேற்றம் இந்தக் கணக்கையும் மெல்ல மாற்றிக்கொண்டிருக்கிறது. உலகெங்கும் ஏறி இறங்கும் தண்ணீரின் உராய்வு பூமியின் சுழற்சியைத் தடுக்கிறது. ஒரு நாளின் நீளம் நூறு ஆண்டில் ஏறத்தாழ இரண்டு மில்லிசெக்கன் கூடுகிறது. பூமி இழக்கும் சுழற்சி நிலவுக்குப் போய், அதை ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர் தூரம் தள்ளுகிறது. அப்பலோ விண்வெளி வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பட்டுத் தெறிக்கச் செய்து அளந்த கணக்கு இது. சுமார் 60 கோடி ஆண்டுகளில் நிலவு எங்கிருந்து பார்த்தாலும் சூரியனை முழுதாக மறைக்கப் போதாத அளவுக்குச் சிறுத்துவிடும். அதன் பிறகு யாழ்ப்பாணம் கண்டது போன்ற வளையக் கிரகணங்களும் பகுதிக் கிரகணங்களும் மட்டுமே நிகழும்.