பெயில் பாண்ட் கட்டணம்: வழக்கைக் கைவிட்டால் திரும்பக் கிடைக்குமா?

கலிபோர்னியாவில் ஒருவர் கைதாகிறார், நீதிமன்றம் 20,000 டாலர் பெயில் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்திடம் அவ்வளவு பணம் இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு, முழுத் தொகைக்கும் தானே பொறுப்பு என்று நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுப்பவர் பெயில் பாண்ட் முகவர். அவரிடம் வழக்கமான பத்து சதவீதம், அதாவது 2,000 டாலர் கட்டி ஆளை வெளியே எடுக்கிறார்கள். சில வாரத்தில் அரசு வழக்கறிஞர் குற்றச்சாட்டைக் கைவிடுகிறார். சரி, அந்த 2,000 டாலர் திரும்பி வருமா? வராது. தவணையில் பாக்கி இருந்தால் அதையும் கட்டித்தான் தீர வேண்டும்.

பலர் இதில் ஏமாறக் காரணம், இரண்டு வேறு பணத்தையும் 'ஜாமீன் பணம்' என்ற ஒரே பேரில் சொல்வது. ஜாமீன் அரபுச் சொல். அங்கே 'ளாமின்' என்றால் பொறுப்பேற்கும் ஆள். பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தபோது ஆளை விட்டுவிட்டு விடுதலையைக் குறிக்கத் தொடங்கியது. அதனால்தான் ஆளைச் சொல்ல 'ஜாமீன்தாரர்' என்று ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. பெயிலின் வேர் பழைய பிரெஞ்சில் ஒப்படைத்தல். அதற்கும் பின்னால் போனால் லத்தீனில் சுமை தூக்குபவர்.

தமிழில் பிணை என்பதே பொருத்தம். பிணைத்தல் என்றால் கட்டுதல். களத்தில் போரடிக்க ஒன்றாகக் கட்டிய மாடுகளைப் பிணையல் என்பார்கள். பாண்ட் என்ற சொல்லுக்கும் கட்டு என்பதுதான் மூலப்பொருள். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் பிணை அன்றாடச் சொல். ஆனால் அங்கே பிணைமுறி என்றால் அரசின் கடன்பத்திரம் நினைவுக்கு வரும் என்பதால், நீதிமன்ற ஆவணத்துக்குப் பிணைப்பத்திரம் என்பதே நல்லது.

இப்போது பணத்தைப் பிரிக்கலாம். முழுத் தொகையை நீங்களே நீதிமன்றத்தில் கட்டினால் அது பிணைத்தொகை. தவறாமல் ஆஜராகி வழக்கு முடிந்தால் திரும்பிவிடும். சில இடங்களில் கட்டணமோ அபராதமோ பிடிப்பார்கள். முகவருக்குக் கொடுப்பது பிணைக்கட்டணம். நீதிமன்றத்துக்கு அதில் ஒரு காசும் போகவில்லை, முகவரின் உறுதிமொழி மட்டுமே போயிருக்கிறது. ஆள் வெளியே வந்ததுமே அது அவருடைய சம்பாத்தியம். ஈடாகக் கொடுத்த கார் பத்திரமோ வீட்டுப் பத்திரமோ வேறு கணக்கு. வழக்கு முடிந்து, கட்டணப் பாக்கியும் இல்லையென்றால் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

விதிவிலக்கு உண்டு. தக்க காரணமில்லாமல் முகவர் ஆளை மறுபடி காவலில் ஒப்படைத்தால், கட்டணம் முழுவதையுமோ ஒரு பகுதியையோ திருப்பித் தரும்படி கலிபோர்னியா நீதிமன்றம் உத்தரவிடலாம்.

குற்றம் நிரூபிக்கப்படாதவரிடம், அதுவும் கையில் பணம் இல்லாதவரிடம் மட்டும், திரும்பாத பணம் வாங்குவது எனக்கு அநியாயமாகவே படுகிறது. இலினாய் மாநிலம் 1963-இலேயே முகவர் தொழிலைத் தடுத்து, பத்து சதவீதத்தை நீதிமன்றத்திலேயே கட்டும் முறையைக் கொண்டுவந்தது. அதிலும் கட்டியதில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். 75 டாலர் கட்டிய ஒருவர், பிடித்த ஏழரை டாலருக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1971-இல் தோற்றார். அதே இலினாய் 2023 செப்டம்பர் 18 முதல் பணப்பிணையையே ஒழித்துவிட்டது.