மூன்று மாதக் கணக்கு

1977-ம் ஆண்டு. கலிபோர்னியாவில் லாத்ரோப் என்ற ஊரில் ஒரு பூச்சிக்கொல்லித் தொழிற்சாலை. ஒரே பிரிவில் வேலை பார்த்தவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. அவர்களில் பலருக்கும் வெகுநாளாகக் குழந்தை பிறக்கவே இல்லை. விந்துப் பரிசோதனை செய்தார்கள். பலருக்கு விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு. சிலருக்கு ஒன்றுகூட இல்லை. மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் கொல்ல அவர்கள் தயாரித்துவந்த டிபிசிபி என்ற ரசாயனம்தான் காரணம் என்று தெரிந்தது. 1979-ல் அமெரிக்கா அதன் பெரும்பாலான பயன்பாடுகளை நிறுத்தியது. மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களில் அதைக் கையாண்ட ஆயிரக்கணக்கான ஏழைத் தொழிலாளர்கள் பிறகு பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் போராட வேண்டியிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

லாத்ரோப் ஆட்களைப் பார்த்தால் நோயாளிகள் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தாடி, மீசை, குரல், உடல் வலு எல்லாம் வழக்கம்போல. ரத்தத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவும் சரியாகவே இருந்தது. நாம் 'ஆண்மை' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது உண்மையில் இரண்டு தனித்தனி வேலைகள். விந்தகத்தில் லீடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. நுண்குழல்களின் சுவரில் விந்தணுக்கள் உருவாகின்றன. முதல் வேலை ஒழுங்காக நடக்கும்போதே இரண்டாவது நின்றுபோகலாம். "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று பரிசோதனைக்கு வர மறுக்கும் ஆண்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாட்கள் ஆகின்றன. அப்புறம் விந்தகத்தின் பின்னால் சுருண்டு கிடக்கும் நீண்ட குழாயில் இரண்டு வாரம் போல ஊர்ந்து, அங்கேதான் நீந்தும் திறனைப் பெறுகிறது. ஆக மொத்தம் மூன்று மாதம். இன்று எடுக்கும் விந்துப் பரிசோதனை இன்றைய உடம்பைப் பற்றியது அல்ல, மூன்று மாதமாக அந்த உடம்பு எப்படி இருந்தது என்பதைப் பற்றியது. ஜனவரியில் நான்கு நாள் கடுங்காய்ச்சலில் படுத்திருந்தால் அதன் சுவடு மார்ச் மாத அறிக்கையில் தெரியலாம். அதனால்தான் ஒரே ஒரு அறிக்கையை வைத்து மருத்துவர்கள் முடிவு சொல்வதில்லை.

காய்ச்சல் ஏன் கெடுக்கிறது? விந்தணு உற்பத்திக்கு உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்க வேண்டும். விந்தகம் உடலுக்கு வெளியே தொங்குவதே அதற்காகத்தான். குளிரில் விதைப்பை சுருங்கி உடலோடு ஒட்டும். வெயிலில் தளர்ந்து இறங்கும். இன்னொரு ஏற்பாடும் உண்டு. விந்தகத்துக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியைச் சுற்றிச் சிரைகள் கொடிபோலப் பின்னிக் கிடக்கின்றன. கீழே இறங்கும் சூடான ரத்தம், மேலே ஏறும் குளிர்ந்த ரத்தத்திடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது.

இந்தச் சிரைகள் வீங்கித் தளர்ந்துபோவதுதான் வேரிகோசீல். காலில் வரும் நரம்புச் சுருட்டலின் உறவுக்காரன் என்று சொல்லலாம். ரத்தம் தேங்கும், குளிரூட்டும் ஏற்பாடு கெடும். பெரும்பாலும் இடது பக்கத்தில்தான் வரும்; அந்தப் பக்கத்துச் சிரை நீளமானது, சிறுநீரகச் சிரையில் போய்ச் செங்குத்தாக முட்டுகிறது. எல்லா ஆண்களிலும் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது உண்டு. அவர்களில் பலர் சிக்கல் இல்லாமல் தகப்பனாகிறார்கள். ஆனால் குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இது காணப்படுகிறது. தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம்.

அடுத்தது என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் விஷயம்: ஜிம்மில் உடம்பு ஏற்றுவதற்காகப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. விந்தணு உற்பத்திக்கு விந்தகத்துக்குள்ளேயே டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாக இருக்க வேண்டும். அதைச் சுரக்கச் சொல்லி மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து ஊசி போட்டால் ரத்தத்தில் அளவு ஏறும். 'போதும்' என்று மூளை கட்டளையை நிறுத்திவிடும். தோள் புடைக்கும், விந்தகம் சுருங்கும், விந்தணு பூஜ்யத்துக்கே போகலாம். இதே வழியை ஆண்களுக்கான கருத்தடையாக உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது, அவ்வளவு உறுதியான விளைவு. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உற்பத்தி திரும்பும். ஆனால் மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடத்துக்கு மேலும். கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன்களுக்கு இதை யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டாமா?

தொப்பையும் இதே கணக்கைக் குழப்பும். கொழுப்புத் திசுவிலுள்ள ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. கட்டுப்படாத சர்க்கரை நோய் நரம்புகளைக் கெடுத்தால், விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவதும் உண்டு. புகைபிடிப்பதால் உண்டாகும் ஆக்சிஜனேற்றச் சிதைவை விந்தணுவால் தாங்க முடியாது. சுமையைக் குறைக்க அது தன் செல்திரவத்தை ஏறக்குறைய முழுவதும் உதிர்த்துவிட்டுத்தான் புறப்படுகிறது. பழுது பார்க்கும் கருவிகளும் அதோடு போய்விடுகின்றன.

கோபன்ஹேகனில் 1963 முதல் 2001 வரை விந்துப் பரிசோதனைக்கு வந்த 43,277 ஆண்களின் ஆயுளை ஆராய்ந்தார்கள். விந்துத் தரம் நன்றாக இருந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. விந்தணு ஆயுளைக் கூட்டுகிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. உடம்பில் வேறெங்கோ இருக்கும் கோளாறு இங்கே முதலில் தலைகாட்டலாம் என்பதுதான் செய்தி. எண்ணிக்கை குறைந்தவருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பது அதனால் நல்லது.

எல்லாம் பழக்கத்தால் வருவதல்ல. ஒய் குரோமோசோமில் சிறு துண்டு இல்லாமல் போவது, கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோமோடு பிறப்பது, பருவ வயதில் வந்த பொன்னுக்குவீங்கி விந்தகத்தைத் தாக்குவது போன்றவற்றுக்கு யாரும் பொறுப்பில்லை. நடைப்பயிற்சி இவற்றைச் சரிசெய்யாது. ஆனால் 1992-ல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் அறிவித்த முறையில், ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தியும் கருவை உண்டாக்க முடிகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் ஒரு மில்லி லிட்டருக்கு 1.6 கோடி விந்தணு என்பது கீழ்வரம்பு. மனைவி ஓராண்டுக்குள் கருத்தரித்த ஆண்களிலேயே 5 சதவீதம் பேர் அதற்கும் கீழே இருந்தார்கள் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். கீழே இருந்தால் வாய்ப்பு குறைவு. இல்லவே இல்லை என்பதில்லை.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. நம் வீடுகளில் "விசேஷம் ஏதும் உண்டா" என்ற கேள்வி மருமகளிடம்தான் போகிறது. கருக்குழாயில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே, வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி என்று அவள் வலியோடு எல்லாப் பரிசோதனைகளையும் முடித்த பிறகுதான் பல கணவர்கள் ஒரு சின்னப் புட்டியோடு ஆய்வகத்துக்குப் போகிறார்கள். வலியில்லாத, செலவு குறைந்த அந்தப் பரிசோதனை முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுத்தால் போதும். சிகரெட்டையோ ஊசியையோ விட்டவர்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.