வெங்கச்சங்கல்லின் தூசி

பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. தேய்த்தது போதுமா என்பதைச் சொல்லும் கனிமம் குவார்ட்ஸ்தான். முனைவாக்கிய ஒளியில் (ஒரே திசையில் மட்டும் அதிரும் ஒளி) மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்கணும். வெளிர் சாம்பலுக்கு வந்துவிட்டால் சரி. நாம் வெங்கச்சங்கல் என்று சொல்லும் அதே வெள்ளைக் கல்.

சிலிக்கானும் ஆக்சிஜனும் நாலா பக்கமும் பின்னிக்கொண்ட வலை இது. சுலபமாகப் பிளக்கும் தளம் கிடையாது. உடைந்தால் சிப்பியின் உட்புறம்போல வளைந்து உடையும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் இது 7, கண்ணாடியையே கீறும். நிலத்தடி வெடிப்புகளில் சிலிக்கா (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்) கரைந்த வெந்நீர் ஓடி, ஆற ஆற, ஆறு பட்டைப் படிகங்களாக வளர்கிறது. கிரானைட் சிதையும்போது அதிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிவிடும், குவார்ட்ஸ் மட்டும் மணலாக மிஞ்சும்.

அந்த மணலில்தான் கண்ணாடி பிறக்கிறது. குவார்ட்ஸை அழுத்தினால் மின்னழுத்தம் உண்டாவதை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அதிரவும் செய்யும்: கைக்கடிகாரத்துக்குள் நொடிக்கு 32,768 முறை. இதைப் பாதியாக்கிக்கொண்டே போனால் பதினைந்தாவது தடவையில் 1 வரும். நொடி முள் நகர்வது அந்தக் கணக்கில்தான்.

கல்லாக இருக்கும்வரை இதனால் ஒரு தீங்கும் இல்லை. உலர அறுத்தால்தான் ஆபத்து. சுமார் 4 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த துகள்கள் நுரையீரலின் காற்றறை வரை இறங்கிவிடும். மணலாக மிஞ்சவைத்த அதே உறுதி அங்கேயும் வேலை செய்கிறது. துகளை விழுங்கிய பாதுகாப்புச் செல் அதைக் கரைக்க முடியாமல் செத்துப்போக, அந்த இடம் தழும்பாகிறது. இதுதான் சிலிகோசிஸ். தழும்பைத் திருப்பிச் சரிசெய்ய மருந்து இல்லை. காசநோய் தொற்றும் அபாயமும் கூடும். நுரையீரல் புற்றுநோய்க்கும் இந்தத் தூசி காரணம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது. சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளில் பலவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் இந்தக் கனிமம்தான். அதை அறுத்த இளைஞர்கள் பலர் நோயாளியானதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்தது.

வேலைக்கு வந்த புதிதில், சின்னத் துண்டுதானே என்று நானும் தண்ணீர் விடாமல் அறுத்திருக்கிறேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி கீழே படிந்துவிடும். தெரியாததுதான் மணிக்கணக்கில் மிதக்கும். அதனால் வெட்டும் தகட்டில் எப்போதும் தண்ணீர் ஓடணும், பக்கத்தில் தூசி உறிஞ்சும் கருவி இருக்கணும். வாயில் கட்டும் துணி இந்தத் துகளைத் தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 வகை முகக்கவசமாவது வேண்டும். அப்புறம், தரையில் வழிந்த சேற்றைக் காயவிடாதீர்கள். காய்ந்ததும் அது மறுபடி தூசிதான். ஈரமாக இருக்கும்போதே கழுவிவிடுங்கள்.