வாடகைதாரர் மாறும்போதெல்லாம் சுவரில் கை வைக்காதீர்கள்

பழைய கட்டிடங்களைச் சரிசெய்யும் எனக்கு, இந்த வருடம் மட்டும் இப்படி ஒன்று வருவது இது மூன்றாவது. கோவை டவுன்ஹால் பக்கம், மாடியில் அலுவலகம், கீழே கடை என்று இருக்கும் பழைய கட்டிடம். மாடி அறையில் தேக்கு உத்தரம் ஒன்றின் நுனி உளுத்து, இரண்டு விரற்கடை இறங்கி நிற்கிறது. அதற்கு நேர் கீழே மேசை போட்டு ஒரு பெண் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, வெள்ளைக்காரன் காலத்துக் கட்டிடமுங்க, இதுக்கு என்னங்க ஆகப் போகுது?" என்கிறார் உரிமையாளர்.

ஆகும். அந்தப் பெண்ணை எழுந்து வரச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசினேன்.

பழைய கட்டிடம் தானாக நோயில் விழுவது குறைவு. ஒவ்வொரு வாடகைதாரரும் கொஞ்சம் கொஞ்சமாக அதைப் படுக்க வைக்கிறார்கள். அதனால் விரிசலைப் பார்ப்பதற்கு முன் யார் யார் குடியிருந்தார்கள் என்றுதான் கேட்பேன். இங்கே அந்தக் கதையைச் சொன்னவர் உரிமையாளரின் அம்மா. "முதல்ல பஞ்சுத் தரகர் இருந்தாருங் கண்ணு" என்று ஆரம்பித்தார். 1888இல் ஸ்டேன்ஸ் மில் என்ற பஞ்சாலை வந்த ஊர் இது. 1930களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. பஞ்சு, நூல் வியாபாரிகளுக்கு டவுனில் உட்கார்ந்து பேச இடம் தேவைப்பட்டது. தரகருக்கு ஒரு திண்டும் கணக்குப் பெட்டியும் போதும். அவரால் சுவருக்கு ஒரு ஆணியைத் தவிர வேறு தொல்லை இல்லை. அப்புறம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனதும் அது காலி செய்தது. அடுத்து வக்கீல் வந்து மாடியில் கழிவறை கட்டினார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வந்தபோது கூடம் பெரிதாக வேண்டும் என்று இடைச்சுவரை இடித்தார்கள். உத்தரம் உட்கார்ந்திருந்த சுவர் அது! கடைசியாக வந்த கூரியர் ஆபீஸ், ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) அடிக்கிறது என்று சுவர் முழுக்க சிமென்ட் பூசி, மொட்டை மாடியில் 2,000 லிட்டர் டேங்க் வைத்தது. தண்ணீர் மட்டுமே இரண்டு டன்.

1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பல கட்டிடங்களில் வாடகை ஏறாமலே கிடந்தது. செலவு செய்ய உரிமையாளருக்கு மனமில்லை, குடியிருந்தவர் தனக்குத் தோன்றியதைச் செய்துகொண்டார். இருவரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த சிமென்ட் பூச்சை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"சுண்ணாம்பு உதிருதுங்க, சிமென்ட் கெட்டிங்க" என்று மேஸ்திரி முதல் வங்கி அதிகாரி வரை சொல்கிறார்கள். சரி, சிமென்ட் கெட்டிதான். தொந்தரவே அந்தக் கெட்டித்தனம்தான். இந்தக் கட்டிடங்களின் செங்கல் சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். கூடவே வரும் உப்பால் அது தான் பொரிந்து உதிர்ந்து, செங்கல்லைக் காப்பாற்றும். பொரிந்த இடத்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசினால் வேலை முடிந்தது. அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழி இல்லாமல் சுவருக்குள்ளேயே மேலே மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் இடுப்புக்கு வரும். மழைத் தண்ணீரும் டேங்க் கசிவும் மேலிருந்து இறங்கி அதேபோல் உள்ளே மாட்டிக்கொள்ளும். உத்தரத்தின் நுனி அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது. வெளியே பார்த்தால் வழவழவென்று பெயின்ட், உள்ளே மரம் பஞ்சாகிக் கிடக்கிறது. நான் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. சிமென்ட்டை விரோதியாக நினைக்கச் சொல்லவில்லை. சுண்ணாம்புச் சுவரில் அதைப் பூசாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்படிப்பட்ட கட்டிடம் உங்களிடம் இருந்தால், மெட்ராஸ் டெரஸ் கூரையின் (மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட கூரை) மேல் இருக்கும் டேங்கை இன்றைக்கே காலி செய்யுங்கள். விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிடுங்கள். பெயின்டரை அல்ல. 'சின்னச் சுவர்தானே' என்று எதையும் இடிக்காதீர்கள். புது வாடகைதாரரிடம் எழுத்தில் வாங்குங்கள்: சுவர், கூரை, தண்ணீர்க் குழாய், ஏசி எதுவானாலும் கேட்காமல் தொடக்கூடாது. வாடகைக்கு இருப்பவர்களே, உத்தரம், சுவர் போன்ற கட்டுமானப் பழுதுகளை 2017ஆம் வருட வாடகைச் சட்டம் உரிமையாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. கையிலிருந்து போட்டு அரைகுறையாகப் பூசிவிடாமல் அவரிடம் கேளுங்கள்.

டவுன்ஹால் கட்டிடத்தில் இப்போது உத்தரத்துக்கு இரும்பு ஜாக்கி கொடுத்திருக்கிறோம். மாடி காலியாக இருக்கிறது. சிமென்ட்டைக் கொத்தி எடுத்தாயிற்று. சுவர் உலர ஒரு கோடையாவது வேண்டும். அதன் பிறகுதான் சுண்ணாம்பு. ஆடிக்குள் முடித்துக் கொடுங்கள் என்று உரிமையாளர் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.