மருந்து தேர்ந்தெடுக்கும் ஒட்டுண்ணி: மலேரியாவும் இயற்கைத் தேர்வும்

மியன்மாரின் தட்டோன், மோல்மீன் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து காய்ச்சலோடு என்னிடம் வரும் நம் தமிழர்களில் பலர் ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள்: "உடம்பு இந்த மருந்துக்குப் பழகிப்போச்சு டாக்டர், வேற மாத்திரை குடுங்க." கடையில் நாலைந்து மாத்திரைகளைக் கலந்து கட்டித் தரும் பொட்டலத்தை இரண்டு வேளை விழுங்கிவிட்டு, குளிர் விட்டதும் நிறுத்திவிட்டு, மறுபடி காய்ச்சல் கண்ட பிறகே பெரும்பாலும் இந்தப் பேச்சு எழுகிறது. இந்த நம்பிக்கை தவறானது. தவறு என்பதோடு நில்லாமல் தீங்கும் விளைவிக்கிறது. மருந்துக்கு ஈடுகொடுக்கும்படி மாறுவது நோயாளியின் உடம்பு அன்று, அவருடைய இரத்தத்தில் வாழும் மலேரியா ஒட்டுண்ணிக் கூட்டம். அந்தக் கூட்டம் எவ்வாறு மாறுகிறது என்பதை விளங்கிக்கொண்டவர்களுக்கு, மூன்று நாள் மாத்திரையை மூன்று நாளும் ஏன் விழுங்க வேண்டும் என்று தனியே சொல்லத் தேவையிருக்காது.

உயிரினங்கள் இயற்கைத் தேர்வால் மாறுகின்றன என்னும் கருத்து 1858இல் லண்டனில் சார்லஸ் டார்வின், ஆல்ஃபிரட் வாலஸ் ஆகிய இருவர் பெயரிலும் அறிவிக்கப்பட்டது. இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில், விட்டுவிட்டு வரும் காய்ச்சலில் படுத்திருந்தபோதுதான் வாலஸுக்கு அந்த எண்ணம் தோன்றியது என்பதைக் காய்ச்சல் பார்க்கும் மருத்துவர் என்ற முறையில் நான் மறப்பதில்லை. கருத்து எளியது. ஓர் இனத்தைச் சேர்ந்தவை எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றுக்கிடையேயான வேறுபாடுகளில் சில அடுத்த தலைமுறைக்கு இறங்குகின்றன. சூழல் நெருக்கும்போது குறிப்பிட்ட வேறுபாடு உடையவை கூடுதலாகப் பிழைத்துக் கூடுதலாகப் பெருகுகின்றன. இம்மூன்றும் சேர்ந்த இடத்தில் தலைமுறைகள் கடக்கக் கடக்க இனம் மாறியே தீரும். இதில் எந்த உயிரும் முயன்று கற்றுக்கொள்வதில்லை. தேவையை உணர்ந்து தன்னை மாற்றிக்கொள்வதும் இல்லை.

பெகுப் பக்கத்து வயல்களில் களை பறித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. குதிரைவாலியின் உறவான ஒரு களைப்புல், இளம் பருவத்தில் நெல் நாற்றிலிருந்து பிரித்தறிய முடியாதபடி நிமிர்ந்து நிற்கும். நூற்றாண்டுக் கணக்கில் கையால் களை பறித்தவர்கள், நெல்லிலிருந்து வேறுபட்டுத் தெரிந்த செடிகளையே பிடுங்கி எறிந்தார்கள். நெல்லை ஒத்திருந்தவை தப்பி நின்று விதை உதிர்த்தன. களை நெல்லைப் போல் ஆக வேண்டும் என்று பறித்தவர் யாரும் விரும்பவில்லை, ஆனாலும் பறித்த கையே அதைத் தேர்ந்தெடுத்தது. மருந்தும் ஒட்டுண்ணியை அவ்வாறே தேர்ந்தெடுக்கிறது.

மலேரியா ஒட்டுண்ணிகளில் கொடியதான ஃபால்சிபாரம் தொற்றிக் காய்ச்சலோடு வரும் நோயாளியின் உடலில் நூறு கோடி முதல் ஒரு லட்சம் கோடி வரை ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவை சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டு வெளியேறிப் பெருகுகின்றன. ஒவ்வொரு பெருக்கத்திலும் மரபணுவைப் படியெடுக்கையில் பிழைகள் நேர்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பயனற்றவை அல்லது ஒட்டுண்ணிக்கே கேடானவை. இருப்பினும் எண்ணிக்கை இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, மருந்தைத் தாக்குப்பிடிக்க உதவும் பிழையுடைய ஓரிரண்டு, மருந்து உள்ளே போவதற்கு முன்பே எங்கேனும் இருந்துவிட வாய்ப்புண்டு. மருந்து அந்தப் பிழையை உண்டாக்குவதில்லை. பிழையில்லாதவற்றைக் கொன்று, பிழையுடையவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது.

இந்த மண்டலத்தின் வரலாறு இதற்குச் சான்று. 1950களின் இறுதியில் தாய்லாந்து, கம்போடியா எல்லைப் பகுதியில், குளோரோகுயின் என்னும் மலேரியா மருந்துக்கு அடங்காத ஃபால்சிபாரம் தோன்றியது. அதன் வழித்தோன்றல்கள் ஆசியாவில் பரவி, 1970களின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவை எட்டின. அங்கே குழந்தைகளின் சாவு கூடியது. இதன் மறுபக்கத்தை மலாவி நாடு காட்டியது. 1993இல் அந்நாடு குளோரோகுயினைக் கைவிட்டது. மருந்து இல்லாத சூழலில், எதிர்ப்புத் தன்மை என்பது ஒட்டுண்ணிக்கு வெறும் சுமை. எதிர்ப்பில்லாத வகை மீண்டும் மேலோங்கியது. 2006இல் வெளியான ஆய்வில், குளோரோகுயின் கொடுக்கப்பட்ட 80 குழந்தைகளில் ஒருவருக்கு மட்டுமே அது பலிக்கவில்லை. தகவமைப்பு என்பது ஏணியில் ஏறுவது அன்று, அந்தந்தச் சூழலுக்குப் பொருந்துவது மட்டுமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

குளோரோகுயினுக்குப் பின் நம்மைக் காத்துவருவது ஆர்ட்டிமிசினின் குடும்பத்து மருந்துகள். அவற்றைக் கண்டறிந்ததற்காகச் சீனாவின் தூ யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்றார். இம்மருந்து வலிமையானது, ஒட்டுண்ணியின் ஒரு பெருக்கச் சுற்றான நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அதன் எண்ணிக்கையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். ஆனால் சில மணி நேரத்தில் இரத்தத்தை விட்டு நீங்கிவிடும். மூன்று நாளில் இரண்டு சுற்றுகளை அது அடித்து முடித்தாலும், ஒரு லட்சம் கோடியில் தொடங்கியவருக்குப் பத்தாயிரம் ஒட்டுண்ணிகளாவது எஞ்சும். எஞ்சியவற்றை ஒழிப்பது, உடன் சேர்த்துத் தரப்படும் லூமிஃபேன்ட்ரின் போன்ற, நாள்கணக்கில் இரத்தத்தில் தங்கும் துணை மருந்து. ஒரே நாளில் நிறுத்துகிறவருக்குக் காய்ச்சல் தணியும், ஆனால் கோடிக்கணக்கானவை மிஞ்சும். துணை மருந்தின் அரைகுறை அளவு அவற்றுக்குக் களையெடுப்பாக அமையும்.

ஆர்ட்டிமிசினினுக்கு மெதுவாக மட்டுமே அடங்கும் ஒட்டுண்ணிகளிடம் கே13 என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பது 2014இல் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே மியன்மாரிலும் அதை ஒட்டிய எல்லைப் பகுதிகளிலும் திரட்டிய 940 மாதிரிகளில் 371இல் அத்தகைய மாற்றங்கள் இருந்ததாக ஆய்வு வெளியாயிற்று. இந்திய எல்லையிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் உள்ள ஹோமாலினிலும் அவை இருந்தன. அவற்றில் சில கம்போடியாவிலிருந்து வந்தவை அல்ல, இங்கேயே தனியாகத் தோன்றியவை. ஒரே நெருக்கடி இருக்குமிடத்தில் ஒரே வகைத் தீர்வு வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே தேர்வாகலாம். 2019இல் சுமார் 78,000 என்று மதிப்பிடப்பட்ட மலேரியா நோயாளிகள் 2022இல் சுமார் 5,84,000 ஆகப் பெருகியிருக்கும் இந்நாட்டில், இதை எண்ணும்போது எனக்குக் கவலை மிகுகிறது.

இயற்கைத் தேர்வு ஒட்டுண்ணியோடு நிற்கவில்லை, நம் இரத்தத்திலும் எழுதியிருக்கிறது. மலேரியா நிலவிய நாடுகளில் தலசீமியா என்னும் பரம்பரை இரத்தச்சோகை மிகுந்திருப்பதற்கு, அந்த மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றுச் சுமப்பவர்கள் மலேரியாவிலிருந்து ஓரளவு தப்பியதே காரணமாகலாம் என்று 1949இல் மரபியலாளர் ஹால்டேன் எழுதினார். சிவப்பணுவின் புரதமான ஹீமோகுளோபினில், பர்மிய மக்களிடம் பரவலாக உள்ள ஹீமோகுளோபின் ஈ வகையும், நீலகிரிப் பழங்குடிகளிடம் 1952இல் கண்டறியப்பட்ட, சிவப்பணுவை அரிவாள் வடிவாக்கும் அரிவாள் செல் மரபணுவும் அவ்வாறு நிலைத்தவையே. நம் குடும்பங்களில் இன்று பர்மியரோடு திருமணக் கலப்பு இயல்பானது. ஒருவரிடமிருந்து ஹீமோகுளோபின் ஈயும் மற்றவரிடமிருந்து பீட்டா தலசீமியாவும் இறங்கிய குழந்தைக்கு, வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டிய நிலைகூட வரலாம். ஆகவே திருமணத்துக்கு முன் இரு தரப்பும் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுமாறு வேண்டுகிறேன். ஜாதகம் பார்க்க ஒதுக்கும் நேரத்தில் சிறு பகுதி இதற்குப் போதும்.

சிவப்பணுக்களைச் சிதையாமல் காக்கும் ஜி6பிடி நொதியின் குறைபாடும் இதே வகையில் வந்தது. மஹிடோல் என்ற அதன் வகை இந்நாட்டில் பரவலானது. அதை உடையவர்களின் இரத்தத்தில் வைவாக்ஸ் என்னும் மற்றொரு மலேரியா ஒட்டுண்ணி குறைவாகவே பெருகுகிறது. ஆனால் ஈரலில் உறங்கும் வைவாக்ஸை அழிக்க 14 நாள் கொடுக்கும் பிரிமாகுயின், அவர்களுடைய சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அன்று காத்த மரபணு இன்று மருந்தோடு மோதுகிறது. பிரிமாகுயின் தொடங்கும் முன் ஜி6பிடி சோதனை இருக்கிறதா என்று கேளுங்கள். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் அடுத்த மாத்திரையை விழுங்காமல் உடனே மருத்துவரிடம் வாருங்கள்.

நாம் செய்யும் சோதனைகூட ஒரு சல்லடைதான். விரலில் குத்தி எடுக்கும் விரைவுச் சோதனைகளில் பல எச்ஆர்பி2 என்னும் புரதத்தையே தேடுகின்றன. அதை உருவாக்கும் மரபணுவை இழந்து, சோதனையில் சிக்காமல் தப்பும் ஒட்டுண்ணிகள் 2010இல் பெருவில் கண்டறியப்பட்டன, பின்னர் எரித்திரியா சோதனைக் கருவியையே மாற்ற நேர்ந்தது. சோதனையில் இல்லை என்று வந்தும் முறைக்காய்ச்சல் நீடித்தால், கண்ணாடித் தகட்டில் இரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஆர்ட்டிமீத்தர், லூமிஃபேன்ட்ரின் கூட்டு மாத்திரையின் ஆறு வேளைகளில் இரண்டாவது, முதல் வேளையிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து. பிறகு காலை, மாலை என இரண்டு நாள். கொழுப்புள்ள உணவோடு அல்லது பாலோடு விழுங்கினால்தான் லூமிஃபேன்ட்ரின் சரியாக உட்கிரகிக்கப்படும். வெறும் கஞ்சியோடு விழுங்குபவர் அளவைத் தானறியாமலே குறைத்துக்கொள்கிறார். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்ப விழுங்க வேண்டும். இரவில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள், மிஞ்சிய மாத்திரை என்று அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். சரியாக விழுங்கியும் 28 நாளுக்குள் காய்ச்சல் திரும்பினால், கடையில் வேறு பொட்டலம் வாங்காமல், மாத்திரையின் காலி அட்டையோடு நேரே இரத்தப் பரிசோதனைக்கு வந்துவிடுங்கள்.