தெரிவு வளர்தளம்

இறால் பண்ணைக்காரர்களுக்காகப் போட்ட ஒரு கையேடு போன வாரம் கைக்கு வந்தது. அதில் "தேர்ந்தெடுக்கப்பட்ட கலாச்சார ஊடகத்தில் பாக்டீரியாவை அடையாளம் காணலாம்" என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் 'செலக்டிவ் கல்ச்சர் மீடியம்' என்பார்கள்: வேண்டிய கிருமியை வளரவிட்டு மற்றதை அடக்கும் சத்துப்பொருள். வேதாரண்யத்தில் குட்டை வைத்திருப்பவர் ஒருவர் அதை எங்கள் ஆய்வகத்துக்கே கொண்டுவந்து, "இதுல டிவிக்காரங்க எங்க சார் வந்தாங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

கல்ச்சர் என்பது உழுது பயிரிடுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. மனிதர் பண்பாடு என்பது பின்னால் ஏறிய பொருள். மீடியம் என்றால் நடுவில் இருப்பது. வேர்க்கதை அவ்வளவுதான்.

'கலாச்சாரம்' கணினி மொழிபெயர்ப்பு செய்த வேலையாக இருக்கும், விட்டுவிடலாம். படித்தவர்களே கூசாமல் எழுதும் 'வளர்ப்பு ஊடகம்'தான் என்னால் தாங்க முடியாதது. ஊடு என்றால் இடை. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னைக்கு நடுவே கோகோ வைத்தால் அது ஊடுபயிர். ஒளி கண்ணாடிக்குள் ஊடுருவிப் போகிறது, அதனால் கண்ணாடி ஊடகம். இயற்பியலில் அந்தச் சொல் கச்சிதம். செய்தி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எதன் வழியாகப் போகிறதோ அதுவும் ஊடகம், சரி. ஆய்வகத்தில் கிருமி வளர்க்கச் சத்துக் கலந்து கூழாக உறையவைக்கும் அகார் தட்டின் ஊடே என்ன போகிறது? பாக்டீரியா அதன்மேல் உட்கார்ந்து, அதிலுள்ள சத்தைத் தின்று, அங்கேயே பெருகுகிறது. நாற்றங்காலை யாராவது நெல் ஊடகம் என்பார்களா? ஆங்கிலத்தில் ஒரு சொல் என்றால் தமிழிலும் எல்லா இடத்துக்கும் ஒரே சொல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டு மொழிபெயர்க்கிறவர்கள் குறைந்துபோனார்கள். வளர்தளம் என்றால் பத்தாவது படிக்கும் பிள்ளைக்கும் விளங்கும். தட்டில் உறைந்திருந்தால் வளர்தளம், குப்பியில் திரவமாக இருந்தால் வளர்நீர்.

அப்புறம் அந்தத் 'தேர்ந்தெடுக்கப்பட்ட'. அது யாரோ கடையில் பார்த்து எடுத்துவந்த தட்டு என்ற பொருளைத் தருகிறது. தெரிவு செய்வது தட்டுதான், அதனால் அது தெரிவு வளர்தளம். எங்கள் ஆய்வகத்தில் தினமும் ஊற்றும் டி.சி.பி.எஸ். தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காரத்தன்மை பி.எச். 8.6, கூடவே பித்த உப்பும் இருக்கிறது. மற்ற கிருமிகள் பெரும்பாலும் அதில் தலை தூக்காது, இறாலுக்கு நோய் தரும் வகைகளைக் கொண்ட விப்ரியோ என்ற பாக்டீரியா இனம் தழைக்கும். குறுவை நட்ட மூன்றாம் நாள் களைக்கொல்லியை மணலில் கலந்து தூவுகிறோமே, அதே வேலை: களை முளைக்காது, நெல் நிற்கும். இதைச் சொன்னதும் குட்டைக்காரர் பிடித்துக்கொண்டார்.

தட்டில் கிருமி பெருகித் தெரியும் புள்ளியை மஞ்சள் காலனி, பச்சைக் காலனி என்று பண்ணைகளில் பேசுகிறார்களே, அது வேறு குணம். தட்டில் உள்ள சுக்ரோஸைப் புளிக்கவைக்கும் விப்ரியோ மஞ்சளாகிறது, முடியாதது பச்சையாக நிற்கிறது. அந்தக் குணத்துக்கு 'வேறுபடுத்தும்' என்று தனிச் சொல் வேண்டும். மெக்காங்கி அகார் என்ற இன்னொரு வளர்தளத்திலும் இந்த இரண்டு குணமும் உண்டு: பித்த உப்பும் படிக ஊதா என்ற சாயமும் கிராம் பாசிட்டிவ் என்ற பிரிவுக் கிருமிகளை அடக்கும், லாக்டோஸ் புளிக்கவைப்பவை இளஞ்சிவப்பாகத் தெரியும். கையேடு இரண்டையும் ஒரே சொல்லில் குழப்பி, 'அடையாளம் காணலாம்' என்றும் முடித்துவிட்டது. பச்சையாக வந்ததெல்லாம் பாராஹீமோலிட்டிகஸ் என்ற விப்ரியோ ஆகிவிடாது. அந்தக் காலனியைத் தனியே எடுத்து மேற்கொண்டு சோதித்த பிறகுதான் பேர் சொல்ல முடியும். அந்தக் கையேட்டைப் படித்துவிட்டு ஒருவர் தன் குட்டைக்கு மருந்து வாங்கப் போகிறார்.